விண்டோஸ் 11-ல ராஸ்க்பார், றைட் கிளிக், பாமினி ரைப்பிங்: பழையபடி வேலைக்கு வர என்ன வழி?

கொக்குவில்_அச்சு (கேள்வி)

வணக்கம். ரைப்செற்றிங் வேலை செய்யிற இடம். கல்வெட்டு (செத்தவரின்ர நினைவா அந்தியேட்டிக் கிரியைக்கு அடிக்கிற புத்தகம்), கலியாண அழைப்பிதழ், பள்ளிக்கூட வினாத்தாள், பிரதேச செயலகத்துக்குக் குடுக்கிற கடிதங்கள், இதுகள்தான் நாளாந்தம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14-ஓட முடிஞ்சதால ரெண்டு கணினிக்கு விண்டோஸ் 11 (24எச்2 பதிப்பு) போட்டிருக்கு. 8 ஜிபி ராம், 1366க்கு 768 மொனிற்றர். மூண்டாவது கணினி ஏழாம் தலைமுறை இன்ரெல், அது 11-ஐ ஏற்காது.

கணினி ஒழுங்கா ஓடுது. ஆனா கை பழகின இடத்தில ஒண்டும் இல்லை.

ராஸ்க்பார் முந்தி ஸ்கிறீனின்ர இடப்பக்கம் நெடுக்கா நிண்டது, இப்ப கீழ மட்டும்தான். ஆறு வேர்ட் பைல் திறந்தா ஆறும் ஒரு ஐகனுக்குள்ள போய் ஒளிக்குது. றைட் கிளிக் செய்தா குட்டி மெனு ஒண்டு வருது, அதில 'சென்ட் ரு', 'பிறின்ற்' ஒண்டையும் காணேல்லை. ஸ்ரார்ட் மெனுவில 'றெக்கமென்டட்' எண்டு போட்டு வாடிக்கையாளரின்ர அடையாள அட்டை ஸ்கான் எல்லாம் வரிசையா நிக்குது. பக்கத்தில நிக்கிற ஆக்களும் பார்க்கினம்.

எல்லாத்திலும் பெரிய தொல்லை ரைப்பிங். பாமினி எழுத்துருவில அடிச்சுக்கொண்டு போக, திடீரெண்டு எழுத்துரு தன்பாட்டில லதாவுக்கோ நிர்மலாவுக்கோ மாறி, வேற வேற எழுத்து விழுகுது. பழைய பேஜ்மேக்கர் (பக்கம் அமைக்கிற செயலி) பாமினியை எழுத்துருப் பட்டியலிலயே காட்டுதில்லை, வேர்ட்டில மட்டும் இருக்கு.

இதுகளை செற்றிங்ஸிலயே சரிசெய்யலாமோ, இல்லாட்டி வேற செயலி ஏதும் போடவேணுமோ?


நல்லூர்_வடக்கு

செற்றிங்ஸில அனேகமா எல்லாம் முடியும். ராஸ்க்பாரில இருந்து தொடங்குவம்.

ராஸ்க்பாரின்ர வெறும் இடத்தில றைட் கிளிக் செய்து 'ராஸ்க்பார் செற்றிங்ஸ்' போங்கோ. கடைசியா இருக்கிற 'ராஸ்க்பார் பிஹேவியர்ஸ்' எண்ட பகுதியை விரியுங்கோ. அதில 'ராஸ்க்பார் அலைன்மென்ற்' எண்டதை 'லெஃப்ற்' ஆக்கினா ஸ்ரார்ட் பட்டன் பழைய மூலைக்கு வந்திடும். அதே பகுதியில கீழ 'கொம்பைன் ராஸ்க்பார் பட்டன்ஸ் அன்ட் ஹைட் லேபிள்ஸ்' இருக்கு. அதை 'நெவர்' ஆக்குங்கோ. ஆறு வேர்ட் பைலும் ஆறு பட்டனா, பெயரோட நிக்கும். இந்த வசதி 2021 ஒக்ரோபரில 11 வெளிவந்தபோது இருக்கேல்லை, 2023-லதான் திருப்பிக் குடுத்தவை. ஆரும் தங்கட கணினியில தேடிக் காணேல்லை எண்டா, முதல்ல 'அபவுட்' பக்கத்தில எந்தப் பதிப்பெண்டு பாருங்கோ.

பெயர் தெரிஞ்சாலும் 1366 அகலத்தில பட்டன்கள் கூடக்கூட பெயர் வெட்டுப்படும், முதல் சில எழுத்துதான் தெரியும். 'கல்வெட்டு திருநெல்வேலி', 'கல்வெட்டு உரும்பிராய்', 'கல்வெட்டு இணுவில்' எண்டு பைலுக்குப் பெயர் வைச்சா மூண்டு பட்டனிலும் 'கல்வெ' எண்டுதான் நிக்கும். ஊரையோ ஆளையோ முதல்ல போட்டு, வேலை என்னெண்டதைப் பிறகு போடுங்கோ. இது சின்ன விசயம்தான், ஆனா ஒரு நாளில நூறு தரம் உதவும்.

நெடுக்கா வைக்கிறதுக்கு 24எச்2-ன்ர செற்றிங்ஸில இடமில்லை. முந்தி றெஜிஸ்ற்றியில (விண்டோஸ் தன்ர அமைப்புகளைச் சேமிக்கிற உள் பதிவேடு) ஒரு எண்ணை மாத்தி மேல கொண்டுபோற வழி ஒண்டு ஓடித் திரிஞ்சது. 22எச்2 பதிப்போட அதுவும் போட்டுது. அந்தப் பழைய வீடியோக்களைப் பார்த்து றெஜிஸ்ற்றியில கை வைக்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியது உயரம்தானே? விண்டோஸ் 10-ல ராஸ்க்பார் 40 பிக்சல், 11-ல 48. 768 பிக்சலில மிச்சம் 720. அதே 'பிஹேவியர்ஸ்' பகுதியில 'ஓட்டோமற்றிக்கலி ஹைட்' எண்டதைப் போட்டா அந்த 48-உம் திரும்பி வரும். அதைவிடக் கூடுதலா கிடைக்கிற இடம் வேர்ட்டின்ர மேல்பட்டைதான்: கொன்ட்ரோலும் எஃப்1-உம் சேர்த்து அழுத்தினா றிபன் மடிஞ்சு ஒரு வரியாகும், திரும்ப அழுத்தினா விரியும். 24எச்2-ன்ர பிந்தின அப்டேற் போட்ட கணினிகளில 'சின்ன ராஸ்க்பார் பட்டன்' எண்டொரு தெரிவும் வந்திருக்கு, ஆனா அது ஐகனைத்தான் சின்னதாக்கும். பட்டையின்ர உயரம் குறையாது, அதை நம்பி இருக்காதையுங்கோ.

றைட் கிளிக்: ஷிப்ற்றை அழுத்திக்கொண்டு றைட் கிளிக் செய்யுங்கோ, பழைய முழு மெனு நேர வரும். 'சென்ட் ரு', 'பிறின்ற்' எல்லாம் அதில இருக்கு. மௌஸ் இல்லாம எண்டா பைலைத் தெரிஞ்சு ஷிப்ற்றும் எஃப்10-உம். குட்டி மெனுவில வெட்டு, கொப்பி, பெயர்மாற்று, அழி எல்லாம் ஒரு சின்ன ஐகன் வரிசையா நிக்கும். அந்த வரிசை எப்பவும் ஒரே இடத்தில நிக்காது. ஸ்கிறீனின்ர அடிப்பக்கத்தில கிளிக் பண்ணினா மெனு மேல்நோக்கி விரியும், வரிசை அடியில வந்து நிக்கும். கை பார்க்காம போற ஆக்கள் பெயரை மாத்தப் போய் அழிச்சுப்போடுறது இதாலதான். பெயர் மாத்த எஃப்2, கொப்பிக்கு கொன்ட்ரோல் சி எண்டு கீபோட்டுக்கு மாறிவிடுறது நல்லம். பைலைச் சுருக்கிக் கட்ட (சிப் பண்ண) மட்டும் பழைய மெனு தேவையில்லை, குட்டி மெனுவிலயே 'கொம்பிறெஸ் ரு' இருக்கு.

பைல் எக்ஸ்புளோரரில வரிகளுக்கு இடையில இடைவெளி கூடினதால ஒரு பக்கத்தில தெரியிற பைல் குறைஞ்சிருக்கும். 'வியூ' மெனுவில 'கொம்பாக்ற் வியூ' எண்டதைத் தட்டினா பழைய நெருக்கம் வரும். அதே மெனுவில 'ஷோ', 'பைல் நேம் எக்ஸ்ரென்ஷன்ஸ்' எண்டதையும் போட்டு விடுங்கோ. ஒரே பெயரில வேர்ட் பைலும் பிடிஎஃப்-உம் இருக்கிற இடத்தில பிழையானதை அனுப்பாமல் தப்பலாம்.

ஸ்ரார்ட்டில வாடிக்கையாளரின்ர பைல் தெரியிறதை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ, அது மற்ற ஆக்களின்ர தனிப்பட்ட விசயம். செற்றிங்ஸ், 'பேசனலைசேஷன்', 'ஸ்ரார்ட்'. அதில அண்மையில திறந்த பைல்களைக் காட்டுற பட்டனை நிப்பாட்டுங்கோ.


எழுத்துக்கோப்பு

தட்டச்சுப் பிரச்சினைக்கு வருகிறேன். இதில் மூன்று காரணங்கள் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்தால்தான் தீரும்.

முதலில் அடிப்படை. பாமினி யுனிகோட் (ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொதுத் தரம்) எழுத்துரு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது, அவ்வளவுதான். 'தமிழ்' என்று பாமினியில் அடிக்கும்போது நீங்கள் உண்மையில் தட்டுவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கில விசைகள். ஆகவே பாமினிக்கு விண்டோஸின் உள்ளீட்டு மொழி ஆங்கிலமாகவே இருக்க வேண்டும். அது தமிழுக்கு மாறிய அந்த விநாடியே உண்மையான தமிழ் யுனிகோட் எழுத்து விழும். பாமினியில் அதற்கு வடிவம் இல்லாததால் வேர்ட் தானாகவே லதாவையோ நிர்மலாவையோ எடுத்துக்கொள்ளும். எழுத்துரு மாறுவது விளைவு மட்டுமே, மாறுவது விசைப்பலகை. பெட்டியில் மறுபடி பாமினியைத் தெரிவுசெய்வதால் பயனில்லை.

விசைப்பலகை ஏன் தானாக மாறுகிறது? வேர்ட்டில் 'பைல்', 'ஒப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்ட்' என்று போனால் 'எடிட்டிங் ஒப்ஷன்ஸ்' பகுதியில், சுற்றியுள்ள உரையின் மொழிக்கு ஏற்ப விசைப்பலகையை மாற்றும் தெரிவு ஒன்று இருக்கும். அதன் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை, கர்சரை யுனிகோட் தமிழ் உள்ள ஒரு பந்தியில் வைத்தவுடன் விசைப்பலகை தமிழாகிவிடும். பிரதேச செயலகக் கடிதத்திலிருந்து ஒரு வரியைக் கொப்பி பண்ணி பாமினி ஆவணத்தில் ஒட்டினாலும் இதே கதைதான்.

அடுத்தது ஷிப்ற். பாமினியில் ஆ, ஏ, ஞ, ஈகாரம் எனப் பல எழுத்துகளுக்கு ஷிப்ற் வேண்டும். இடது ஒல்ற்றும் ஷிப்ற்றும் சேர்ந்தால் மொழி மாறும். கொன்ட்ரோலும் ஷிப்ற்றும் சேர்ந்தால் அதே மொழியின் அடுத்த விசைப்பலகைக்குப் போகும். வேகமாக அடிக்கும் கையில் இது தவறிப் பட்டுவிடும். செற்றிங்ஸ், 'ரைம் அன்ட் லாங்குவேஜ்', 'ரைப்பிங்', 'அட்வான்ஸ்ட் கீபோர்ட் செற்றிங்ஸ்', அதற்குள் 'இன்புட் லாங்குவேஜ் ஹொட் கீஸ்'. 'பிட்வீன் இன்புட் லாங்குவேஜஸ்' வரியைத் தெரிந்து 'சேஞ்ச் கீ சீக்குவன்ஸ்' அழுத்தினால் இரண்டு பத்திகள் வரும். இரண்டிலும் 'நொட் அசைன்ட்' தெரிவுசெய்யுங்கள். இனி விண்டோஸ் கீயும் ஸ்பேஸ்பாரும் சேர்த்து அழுத்தினால்தான் மொழி மாறும், அது தவறிப் படாது.

அதே பக்கத்தில் 'லெற் மீ யூஸ் எ டிஃபரன்ற் இன்புட் மெதட் ஃபோர் ஈச் அப் விண்டோ' என்பதற்குச் சரி போடுங்கள். வேர்ட் ஆங்கிலத்தில் நிற்கும், உலாவி தமிழில் நிற்கும், ஒன்று மற்றதைக் குழப்பாது. ஆனால் இது சாளரத்துக்குச் சாளரம்தான். ஒரே உலாவியின் இரண்டு ரப்களுக்கு இடையில் பிரிக்காது.

மூன்றாவது, யூ.எஸ். விசைப்பலகையா யூ.கே. விசைப்பலகையா என்பது. விண்டோஸ் போடும்போது யூ.கே. தெரிவாகியிருந்தால் ஷிப்ற்றும் 3-உம் சேர்ந்தால் ஹாஷ் குறிக்குப் பதில் பவுண்ட் குறி விழும், ஷிப்ற்றும் 2-உம் வேறாகும். பாமினியில் சூ, கூ, மூ போன்றவை மேல் வரிசைக் குறிகளில்தான் இருக்கின்றன. 'சூரியன்' என்று அடிக்க முதல் எழுத்து மட்டும் கெட்டால் காரணம் இதுதான். 'லாங்குவேஜ் அன்ட் றீஜன்' பக்கத்தில் ஆங்கிலத்துக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியை அழுத்தி, 'லாங்குவேஜ் ஒப்ஷன்ஸ்' போய், யூ.எஸ். விசைப்பலகையைச் சேர்த்துவிட்டு மற்றதை நீக்குங்கள்.

யுனிகோட் வேலைக்கு: தமிழ் மொழியைச் சேர்த்தபின் அதன் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் கிடைக்கும். வெறுமனே 'தமிழ்' என்றிருப்பது இன்ஸ்கிரிப்ட் வகை, கை பழகாதவர்கள் அதைத் தெரிந்துவிட்டுத் திண்டாடுவார்கள். பாமினி விசைப்பலகை அமைப்பு விண்டோஸோடு வருவதில்லை. இலங்கையின் எஸ்.எல்.எஸ். 1326 தரம் ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பைக் கொண்டது, ஆனால் இங்கே அச்சுவேலைக்குப் பழகிய கைகள் பெரும்பாலும் பாமினிதான். அதே விசைகளில் யுனிகோட் வேண்டுமென்றால் என்.எச்.எம். றைட்டர் போன்ற தட்டச்சுச் செயலி ஒன்று தேவை. அதில் பாமினி அமைப்பு இருக்கிறது. அது வேலை செய்யும்போதும் விண்டோஸின் மொழி ஆங்கிலமாக, யூ.எஸ். ஆக இருக்க வேண்டும். விண்டோஸில் தமிழ்99-ஐயும் வைத்து மேலே இதையும் இயக்கினால் எழுத்து சிதறும்.

பேஜ்மேக்கர்: எழுத்துருவை இரண்டு தரம் தட்டித் திறந்து 'இன்ஸ்ரோல்' கொடுத்திருப்பீர்கள். அப்படிப் போட்டால் அது அந்தப் பயனருக்கு மட்டும், பயனரின் தனிப் போல்டருக்குள் போய் அமரும். புதிய செயலிகள் அதைக் காணும். பழையவை சி டிரைவின் விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் ஃபொன்ற்ஸ் போல்டரை மட்டுமே பார்க்கும். செற்றிங்ஸில் 'பேசனலைசேஷன்', 'ஃபொன்ற்ஸ்' போய் பாமினியைத் தட்டினால் எழுத்துருக் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும். பாதையில் 'யூசர்ஸ்' என்று இருந்தால் அங்கேயே 'அன்இன்ஸ்ரோல்' கொடுங்கள். பிறகு மூல எழுத்துருக் கோப்பில் ஷிப்ற்றோடு றைட் கிளிக் செய்து 'இன்ஸ்ரோல் ஃபோர் ஆல் யூசர்ஸ்'. பேஜ்மேக்கரை மூடித் திறந்தால் பட்டியலில் வரும். முன்பு போட்ட பிரதியை நீக்காமல் இரண்டாவது தரம் போட்டால் ஒரே பெயரில் இரண்டு நிற்கும், பிறகு எது கெட்டது என்று தேட வேண்டிவரும்.


பண்ணை_காற்று

ஸ்ரார்ட் மெனுவையும் ராஸ்க்பாரையும் முழுக்க விண்டோஸ் 10 மாதிரி ஆக்கித் தாற செயலிகள் இருக்குதே, எக்ஸ்புளோரர்பாச்சர், ஸ்ரார்ட்ஓல்பாக் மாதிரி. நெடுக்கு ராஸ்க்பாரும் கிடைக்கும். ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?


நல்லூர்_வடக்கு

வீட்டுக் கணினிக்கு எண்டா போட்டுப் பார்க்கலாம். வேலை செய்யிற இடத்துக்கு நான் சொல்லமாட்டன். இந்த வகைச் செயலிகள் தனிய நிண்டு ஓடுறேல்லை, விண்டோஸின்ர எக்ஸ்புளோரருக்குள்ள புகுந்துதான் ராஸ்க்பாரை மாத்துது. மாதாந்த அப்டேற்றில மைக்றோசொஃப்ற் அந்த இடத்தை மாத்தினா எக்ஸ்புளோரர் திறக்கிறதும் விழுகிறதுமா நிக்கும், ஸ்கிறீன் மின்னிக்கொண்டே இருக்கும். 24எச்2 வெளிவந்த நேரம் இப்படியான சிலது கணினியில இருந்தா மேம்படுத்தலையே விண்டோஸ் தடுத்தது. நாளைக்கு அந்தியேட்டி, இண்டைக்கு இரவு கல்வெட்டு அச்சுக்குப் போகவேணும் எண்ட நிலையில அது நடந்தா என்ன செய்யிறது?

ஏற்கெனவே போட்டு மாட்டுப்பட்ட ஆக்களுக்கு: கொன்ட்ரோல், ஷிப்ற், எஸ்கேப் மூண்டையும் சேர்த்து அழுத்தினா ராஸ்க் மனேஜர் வரும், அது எக்ஸ்புளோரரை நம்பி இல்லை. அதில 'றன் நியூ ராஸ்க்' குடுத்து ஆங்கிலத்தில 'கொன்ட்ரோல்' எண்டு அடிச்சுப் பாருங்கோ. கொன்ட்ரோல் பனல் திறந்தா அங்க இருந்து அந்தச் செயலியை நீக்கலாம். எக்ஸ்புளோரர் விழுந்து விழுந்து அதுவும் திறக்காட்டி சேஃப் மோட்டுக்கு (விண்டோஸ் அடிப்படை வசதிகளோட மட்டும் தொடங்கிற நிலை) போய் நீக்கவேணும்.

ஸ்ரார்ட் மெனு மட்டும் பழசு வேணுமெண்டா ஓப்பன்ஷெல் இருக்கு, இலவசம். அது ராஸ்க்பாரை மாத்தப் போறதில்லை, தன்ர மெனுவை விரிக்கிறதுதான் முக்கிய வேலை. அதால ஆபத்துக் குறைவு.


கொக்குவில்_அச்சு

எல்லாருக்கும் நன்றி. பேஜ்மேக்கர் சரி, பாமினி இப்ப மாறுதில்லை. வேர்ட்டுக்குள்ள இருந்த அந்தத் தெரிவுதான் முக்கிய காரணம்.

மிச்சம் மூண்டு. அண்மைய பைல் காட்டுறதை நிப்பாட்டினதும் ராஸ்க்பாரில வேர்ட் ஐகனை றைட் கிளிக் செய்தா வாற பழைய பைல் பட்டியலும் போட்டுது. யூ.கே. விசைப்பலகையை நீக்கியும் மொழிப் பட்டியலில திரும்பத் திரும்ப வந்து நிக்குது, செற்றிங்ஸில பார்த்தா அப்படி ஒண்டு இல்லவே இல்லை. மற்றது, 4ஜி றவுட்டரின்ர டேற்றா வழமையைவிடக் கெதியா முடியுது; டெஸ்க்ரொப்பில இருக்கிற பைல்களில எல்லாம் நீல முகில் அடையாளம் தெரியுது.


எழுத்துக்கோப்பு

யூ.கே. பிரச்சினைக்கு: இல்லாததை நீக்க முடியாது, ஆகவே முதலில் சேர்க்க வேண்டும். 'அட் எ லாங்குவேஜ்' மூலம் ஐக்கிய இராச்சிய ஆங்கிலத்தைச் சேருங்கள். மொழிப் பொதி, பேச்சு, கையெழுத்து எல்லாவற்றின் சரி அடையாளத்தையும் எடுத்துவிட்டால் டேற்றா வீணாகாது. பட்டியலில் வந்த பிறகு மூன்று புள்ளி, 'றிமூவ்'. அத்தோடு 'அட்மினிஸ்ற்றேற்றிவ் லாங்குவேஜ் செற்றிங்ஸ்' திறந்து 'கொப்பி செற்றிங்ஸ்' அழுத்துங்கள். கீழே உள்ள பெட்டிகளில் வரவேற்புத் திரைக்கானதற்கு மட்டும் சரி போடுங்கள். அங்கே யூ.கே. ஒட்டியிருந்தால் ஒவ்வொரு தரம் கணினியைத் தொடங்கும்போதும் அது உள்ளே வரும். கடவுச்சொல்லில் குறிகள் இருந்தால் பிழை காட்டுவதும் இதனால்தான்.

பழைய பைல் பட்டியல் போனது எதிர்பார்க்க வேண்டியது. அந்தப் பட்டனின் பெயரை முழுக்க வாசித்தால் ஸ்ரார்ட், பைல் எக்ஸ்புளோரர், ஜம்ப் லிஸ்ற் (ராஸ்க்பார் ஐகனை றைட் கிளிக் செய்தால் வரும் அந்தப் பட்டியல்) மூன்றும் அதில் இருக்கும். வேர்ட்டுக்குள் 'பைல்', 'ஓப்பன்', 'றீசன்ற்' பட்டியல் வேர்ட்டின் சொந்தம், அது போகாது. நடப்பு வேலைகளை ஒரே போல்டரில் வைத்து, அந்தப் போல்டரை றைட் கிளிக் செய்து 'பின் ரு குயிக் அக்செஸ்' கொடுத்தால் எக்ஸ்புளோரரைத் திறந்தவுடன் இடப்பக்கம் நிற்கும். இன்னும் நல்லது, வாடிக்கையாளருக்கு முன்னால் ஸ்கான், பிறின்ற் செய்வதற்கு விண்டோஸில் வேறொரு சாதாரணப் பயனர் கணக்கை உருவாக்குவது. தட்டச்சுக் கணக்கில் அண்மைய பட்டியலை மறுபடி போட்டுக்கொள்ளலாம், ஸ்கான் கணக்கில் நிறுத்தி வைக்கலாம். எழுத்துருவை எல்லாப் பயனருக்கும் போட்டிருப்பதால் இரண்டிலும் பாமினி இருக்கும்.


நல்லூர்_வடக்கு

நீல முகில் எண்டா வன்ட்றைவ் (மைக்றோசொஃப்றின்ர இணையச் சேமிப்பு) உங்கட டெஸ்க்ரொப்பை இணையத்துக்குக் கொண்டுபோய் வைச்சிருக்கு. மைக்றோசொஃப்ற் கணக்கோட விண்டோஸை அமைக்கேக்க அது தொடங்கியிருக்கும். இலவச இடம் 5 ஜிபிதான், ஸ்கான் பைல்கள் அதைக் கெதியா நிரப்பும்.

நிப்பாட்ட முதல் ஒரு வேலை: முகில் அடையாளம் உள்ள பைல் உங்கட கணினியில இல்லை, இணையத்தில மட்டும்தான் இருக்கு. எல்லாத்தையும் தெரிஞ்சு றைட் கிளிக், 'ஓல்வேய்ஸ் கீப் ஒன் திஸ் டிவைஸ்' குடுத்து எல்லாம் பச்சைச் சரி அடையாளம் ஆகும்வரை பொறுங்கோ. இறக்கவும் டேற்றா போகும், ஆனா இது ஒருக்காதான். பிறகு ராஸ்க்பாரின்ர வலப்பக்க மூலையில இருக்கிற வன்ட்றைவ் முகில் ஐகன், 'செற்றிங்ஸ்', 'சிங்க் அன்ட் பக்கப்', 'மனேஜ் பக்கப்'. டெஸ்க்ரொப், டொக்கியுமென்ற்ஸ், பிக்சர்ஸ் மூண்டையும் நிப்பாட்டுங்கோ. நிப்பாட்டினதும் டெஸ்க்ரொப் வெறுமையாத் தெரிஞ்சா பயப்பட வேண்டாம், பைல்கள் வன்ட்றைவ் போல்டருக்குள்ள இருக்கிற டெஸ்க்ரொப் போல்டரில நிக்கும். அங்க இருந்து வெட்டி இங்க ஒட்டுங்கோ. ஒட்ட முதல் இணையப் பக்கத்தில போய் அழிச்சா கணினியில இருக்கிறதும் அழியும்.

அப்டேற்றுக்கும் டேற்றா போகாமல் இருக்க, செற்றிங்ஸில 'நெற்வேர்க் அன்ட் இன்ரநெற்', வைஃபை, உங்கட றவுட்டரின்ர 'புறப்பர்ட்டீஸ்' போய் 'மீற்றர்ட் கனெக்ஷன்' போடுங்கோ. கிழமைக்கு ஒருக்கா இரவில அதை எடுத்து, 'விண்டோஸ் அப்டேற்' பக்கத்தில 'செக் ஃபோர் அப்டேற்ஸ்' அழுத்தி எல்லாம் இறங்கினாப் பிறகு திரும்பப் போடுங்கோ.

மூண்டாவது கணினியில விண்டோஸ் 10-ன்ர 'அப்டேற்' பக்கத்தில, நீட்டிச்ச பாதுகாப்பு அப்டேற்றுக்குப் பதியிற இணைப்பு தெரியுதோ எண்டு பாருங்கோ. தெரிஞ்சா அதில 2026 ஒக்ரோபர் 13 வரை ஓட்டலாம்.